பதவியேற்புச் செய்தி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முதல்வருக்கு ஆளுநர் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இது தப்பு. எடுத்துக்கொள்பவர் முதல்வர், செய்து வைப்பவர் ஆளுநர். 2021 மே 7 அன்று மு.க.ஸ்டாலின் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார், பன்வாரிலால் புரோகித் அதைச் செய்து வைத்தார். முடிசூடினான், முடிசூட்டினான் என்ற இரண்டையும் பாருங்கள், சூடுகிறவன் மன்னன், சூட்டுகிறவர் வேறொருவர், தன்வினை பிறவினை என்று பள்ளியில் படித்தது இதைத்தான்.

அப்புறம், பிரமாணம் செய்து வைத்தவரே நியமித்தவர் என்று எழுதிவிடக் கூடாது. 2022 ஜூலை 25 அன்று திரௌபதி முர்முவுக்குப் பிரமாணம் செய்து வைத்தவர் தலைமை நீதிபதி என்.வி.ரமணா, ஆனால் அவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போட்ட ஓட்டு. முதல்வர் விஷயத்தில் நியமிப்பவரும் ஆளுநர், பிரமாணம் செய்து வைப்பவரும் ஆளுநர் என்பதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது.

சபாநாயகர் பதவிப் பிரமாணம் எடுத்தார் என்பதும் சரியில்லை. அவர் உறுப்பினராக எடுத்த உறுதிமொழியோடு சரி, சபாநாயகர் என்பதற்காகத் தனியாக ஒன்று கிடையாது. அவை தேர்ந்தெடுத்ததும் அவை முன்னவரும் எதிர்க்கட்சித் தலைவரும் அழைத்துப் போய் இருக்கையில் அமர வைப்பார்கள். 'அமர வைத்தனர்' என்று நடந்ததை அப்படியே எழுதினால் போதும். மாற்றலாகி வரும் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் 'பொறுப்பேற்றார்'. ஆனால் 'பொறுப்பு கலெக்டர்' என்றால் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்பவர் என்று அர்த்தமாகிவிடும், கவனம்.

முடிசூட்டியதால்தான் மன்னரானார் என்பதும் எல்லா இடத்திலும் பொருந்தாது. பிரிட்டனில் மூன்றாம் சார்லஸ் மன்னரானது 2022 செப்டம்பர் 8, தாயார் இறந்த அன்றே. முடிசூட்டு விழா நடந்தது 2023 மே 6. இடைப்பட்ட எட்டு மாதமும் அவர் மன்னர்தான்.

ஓட்டு வாங்கி வந்தவரை 'அரியணை ஏறினார்', 'முடிசூட்டு விழா' என்று எழுதுவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்று மக்கள் முன்னால் உறுதி சொல்லி வேலையை ஏற்கும் ஒருவரை அந்தச் சொல் ராஜாவாக்கிவிடுகிறது, ஓட்டுப் போட்டவர்கள் குடிகளாகிவிடுகிறார்கள்.

எழுத்துப்பிழையும் ஒன்று உண்டு. 'பதவியேற்ப்பு' இல்லை, 'பதவியேற்பு'. ற் வந்த பிறகு அடுத்து இன்னொரு ஒற்று வராது, முயற்சி, பயிற்சி எல்லாமே அப்படித்தான்.