செய்த கொடுமையைத் தன் வாயால் சொல்லப் பழகுதல்

ஒருவருக்குக் கொடுமை செய்துவிட்டு அதை ஆண்டுக்கணக்கில் மனத்துக்குள் பூட்டி வைத்திருப்பவர், முதலில் தம் வாக்கியங்களைக் கவனிக்க வேண்டும். மட்டக்களப்பில் போர்க்காலத்தில் நடந்ததைப் "பிரச்சினைக் காலத்தில் நடந்தது" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பேச்சில் செய்தவர் எவரும் இல்லை. ஒரு கொப்பித் தாளில் நடந்ததை எழுதுங்கள். "அடி விழுந்தது" என்றிருந்தால் வெட்டிவிட்டு "நான் அடித்தேன்" என்றும், "அவனுகள்" என்றிருந்தால் அந்த ஆளின் பெயரையும் எழுதுங்கள். இரண்டாவது திருத்தமே கடினமானது. பெயர் வந்ததும் அவருடைய சைக்கிளும் கசங்கிய சாரமும் கூடவே வந்து நிற்கும். பலர் அந்த இடத்தில் பேனையை வைத்துவிடுவார்கள். வைக்கட்டும், மறுநாள் தொடரலாம்.

பெயரையும் முகத்தையும் நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய பரிசோதனைகளில், அடுத்த அறையில் இருந்தவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப் பணிக்கப்பட்ட 40 ஆண்களில் 26 பேர் கடைசி ஆளியான 450 வோல்ற்று வரை போனார்கள். அவர்கள் ஆசிரியர்களும் தபால் எழுதுநர்களும் தொழிலாளிகளும்தான். மின்சாரம் உண்மையில் பாயவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. வியர்த்து நடுங்கிக்கொண்டே அழுத்தினார்கள். அதே ஆளைக் கண்முன் இருத்தியபோது, வேறு 40 பேரில் 16 பேரே இறுதிவரை போனார்கள்.

"நான் பாவி" என்று மட்டும் எழுதாதீர்கள். பார்வைக்கு அடக்கம் போல இருந்தாலும், எனக்கு அது தப்பியோடும் வழியாகவே படுகிறது: தன்னையே முழுதாகச் சபிப்பவர் ஒளிந்துகொள்வார், அல்லது பிறர்மேல் சீறுவார், செய்த செயலைச் சுட்டி வருந்துபவருக்கே ஈடுசெய்யும் எண்ணம் வரும். எழுதத் தொடங்கியபின் உறக்கம் கெட்டாலோ சாக வேண்டும் என்று தோன்றினாலோ, 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள், அல்லது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள்.

பாதிக்கப்பட்டவரின் வாசலுக்குத் திடீரென்று போகாமல், இருவரும் மதிக்கும் ஒருவர் மூலம் கேட்டனுப்புங்கள். மன்னிப்பை எதிர்பார்க்க வேண்டாம். கண்ணகை அம்மனின் சினம் ஆற வைகாசிதோறும் கதவு திறந்து குளிர்த்தி பாடும் ஊர் இது. அம்மனின் சினத்தையே ஆண்டுதோறும் ஆற்ற வேண்டியிருக்கும்போது, அடுத்தவரின் கோபம் தீர நாம் நாள் குறிக்க முடியாது. அவர் சந்திக்க மறுத்தாலும், காணாமல்போன பிள்ளையின் தாய் அவர் என்றால், உங்களுக்குத் தெரிந்த இடத்தையும் நாளையும் எழுதி அந்த இடையாளிடம் கொடுத்துவிடுங்கள்.