கார்னிஷ் பாட்டைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பிரிட்டனின் தென்மேற்கு முனையில் இருக்கிற கார்ன்வால்தான் கார்னிஷ் மக்களின் மண். சென்ற மாதம் அங்கே கேம்போர்ன் ஊரில் ஒரு பப்பில் பாடிக்கொண்டிருந்தோம். ரெக்கார்டரோடு வந்த இளம்பெண் பக்கத்து மேசைப் பெரியவரிடம், "அசலான பழைய கார்னிஷ் பாட்டு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குப் பகீரென்றது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்ட அதே கேள்வி.

அனுமதி கேட்டுப் பதிவு செய்வது, பாட்டின் நடுவே பேசாமல் இருப்பது எல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். விட்டுவிடுகிறேன்.

பழையதுதான் அசல் என்று நினைப்பது

இன்றும் என்னை உறுத்துகிற தவறு இது. முதல்முறை போனபோது நான் தேடியது இரண்டே விஷயங்கள்: கார்னிஷ் மொழிப் பாட்டு, பைக்குழல். இல்லோகன் பக்கம் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் அட்டை கிழிந்த நோட்டை எடுத்து வைத்தார். அவருடைய அப்பா கையெழுத்தில், டோ-ரே-மி எழுத்துகளில், கிறிஸ்துமஸ் கேரல்கள். மேசையைக் கட்டைவிரலால் தட்டியபடி கீழ்க்குரலின் வரியை மட்டும் முனகிக் காட்டினார். "இது சர்ச் பாட்டாச்சே, இதைவிடப் பழசு இல்லையா?" என்றேன். நோட்டை மூடிவிட்டார். டீ கொடுத்து அனுப்பினார். அடுத்த வருஷம் போனபோது அவர் இல்லை. நோட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

அவர் முனகியது தாமஸ் மெரிட்டின் கேரல். 1863இல் அதே இல்லோகனில் பிறந்தவர். சிறுவயதிலேயே சுரங்கத்துக்குப் போய், உடம்பு கெட்டதும் இசைக்கு வந்தவர். சுரங்க வேலை தேடிக் கடல் கடந்தவர்களோடு அவருடைய கேரல்கள் கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலிக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் போயின.

கார்னிஷ் மொழி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேச்சிலிருந்து மறைந்தது. அப்புறம் "நாங்கள் வேறு" என்பதை அந்த மக்கள் எதில் வைத்துக் காப்பாற்றினார்கள்? பெரும்பகுதி, மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவின் சேப்பலில் (சிறு தேவாலயத்தில்) பழகிய நாலு குரல் பாட்டில்தான். இன்றும் பப்பில் ஒருவர் எடுத்துக்கொடுத்தால், இசைத்தாளும் இல்லை, பாட்டை நடத்துகிறவரும் இல்லை, இரண்டாவது வரிக்குள் குரல்கள் தாமாகப் பிரிந்துகொள்ளும். இதை ஒதுக்கிவிட்டு எந்த அசலைத் தேடுவது?

மொழியை மீட்டுப் புதிதாகப் பாட்டு எழுதுகிறவர்களும் எனக்கு வேண்டியவர்களே. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளாதீர்கள். அந்தப் பெண்ணிடம், "வீட்டில் கிறிஸ்துமஸுக்கு என்ன பாடுவீர்கள் என்று கேளு" என்றேன். பெரியவர் மூன்று கேரல்கள் பாடினார்.

"ட்ரெலானி"யின் வயதைக் கூட்டுவது

கார்ன்வாலின் தேசிய கீதம்போலப் பாடுகிற பாட்டு இது. பல்லவி பழையது. மற்ற வரிகள் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் 1824இல் எழுதியவை. ரக்பி மைதானத்தில் அதை உரக்கப் பாடுகிறவர்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. "கேம்போர்ன் ஹில்" பாட்டும் அப்படித்தான்: 1801 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் நீராவி வண்டி மேடேறிய கதை. சொந்த ஊர் இயந்திரத்துக்கே பாட்டு வைத்திருக்கிறார்கள்.

பேட்ஸ்டோவில் மே 1 அன்று நடுவே புகுவது

அன்று அந்த ஊரில் தெருவெல்லாம் ஆடிப்பாடிப் போகிற "ஆபி ஆஸ்" திருவிழா. அக்கார்டியனும் முரசும் வருகிற வழியை விட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

"இங்கிலாந்து நாட்டுப்புறப் பாட்டு" என்று தலைப்பு வைப்பது

வேண்டாம். கார்னிஷ் மக்களைத் தேசியச் சிறுபான்மையினர் என்று பிரிட்டிஷ் அரசே 2014இல் ஏற்றுக்கொண்டது.