புதிய தவளை என்று அறிவிக்கும் முன்

கோடையின் முதல் பெருமழை விழுந்த இரவில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லைகளின் ஓரமாக நடந்தால், மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த தவளைகள் வெளியே வந்து குரல் கொடுப்பதைக் கேட்கலாம். ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்ற பழமொழியில் வரும் நுணல், இப்படி மண்ணில் புதைந்து வாழும் தவளைதான். அப்படியோர் இரவில், முதுகின் நடுவே வெண்கோடு ஓடிய ஒரு தவளையைப் பிடித்து, இதுவரை யாரும் பதிவு செய்யாத சிற்றினம் என்று உறுதியாக நம்பினேன். சில நாள் கழித்து அதே குட்டையில், கோடுள்ள ஆணும் கோடில்லாத பெண்ணும் இணைந்து முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

நிறத்தையும் கோட்டையும் நம்புவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. ஒரே இனத்தில் சில தவளைகளுக்கு முதுகுக்கோடு இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. ஈரம், வெப்பம், வெளிச்சம் ஆகியவற்றைப் பொறுத்து ஒரே தவளை பகலில் வெளிறியும் இரவில் கருத்தும் தோன்றும். நம் வயல்களில் சாதாரணமாகக் காணும் பெரிய தவளையின் ஆண், மழை தொடங்கியதும் பளிச்சென்ற மஞ்சளாகி, நீல நிறக் குரல்பைகளை உப்பிக்கொண்டு நிற்கும். ஆண்டு முழுவதும் பழுப்பாகவும் பச்சையாகவும் பார்த்துப் பழகியவர்கள், வேறு தேசத்துத் தவளை வந்துவிட்டது என்றே எண்ணிவிடுகிறார்கள். புதிய இனத்தை அறிவிக்கும் விவரிப்பில் நிறத்தை எழுதத்தான் வேண்டும். ஆனால் இனத்தைப் பிரித்துக் காட்டும் சுமையை அளவுகளும் உடலமைப்பும் தாங்க வேண்டும்: முகவாய் நுனியிலிருந்து கழிவாய் வரையிலான நீளம், கண்ணோடு ஒப்பிடும்போது செவிப்பறையின் விட்டம், விரலிடைச் சவ்வு எந்தக் கணு வரை வருகிறது என்பது, மண்ணைத் தோண்டப் பயன்படும் பின்பாதப் புடைப்பின் நீளம். ‘நடுத்தர அளவு’, ‘ஓரளவு சவ்வு’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது. ஐம்பது ஆண்டு கழித்து வேறொருவர் வேறொரு தவளையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தைப் புரட்டுவார். இதுதானா அது என்று அவர் முடிவு செய்ய முடிய வேண்டும். விவரிப்பு எழுதுவதே அவருக்காகத்தான்.

ஒரேயொரு மாதிரியை வைத்து எழுதுவதும் ஆபத்து. விலங்குகளுக்குப் பெயரிடும் விதிகளின்படி அது போதும். ஆனால் அது முழுதாக வளராத குட்டியாக இருக்கலாம், காயப்பட்டதாக இருக்கலாம். ஆண், பெண், இளையது, முடிந்தால் தலைப்பிரட்டை என்று பல மாதிரிகள் இருந்தால்தான் இனத்துக்குள் உள்ள வேறுபாடு எது, இனங்களுக்கிடையே உள்ள வேறுபாடு எது என்று சொல்ல முடியும்.

எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறு, எல்லையைப் பார்த்து ஒப்பிடுவது. தமிழ்நாட்டுத் தவளைகளோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டுப் புதியது என்று எழுதிவிடுகிறார்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்தான். மண்ணும் பாறையும் ஒரே பீடபூமியின் தொடர்ச்சி. பெங்களூரின் புறப்பகுதியிலிருந்து 2020ல் ஸ்ஃபெரோதீகா பெங்களூரு என்ற மண்புதை தவளை விவரிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மண்புதை தவளை ஒன்றை எடுப்பவர் முதலில் அதனோடுதான் ஒப்பிட வேண்டும். பிறகு, அதே ஸ்ஃபெரோதீகா பேரினத்தில் 1799ல் ஷ்னைடர் என்ற விலங்கியலாளர் விவரித்த பிரெவிசெப்ஸ் இருக்கிறது. அந்த லத்தீன் பெயருக்குக் குறுந்தலை என்று பொருள். 1853ல் ஜெர்டன் என்ற இயற்கையியலாளர் தென்னிந்தியாவிலிருந்து விவரித்தவையும் உள்ளன. இப்போது வேறு பெயருக்குள் அடங்கிக் கிடக்கும் பழைய பெயர் ஒன்று உங்கள் தவளைக்கே உரியதாக இருக்கலாம். அப்படியானால் மூத்த பெயருக்கே முதலுரிமை. புதுப்பெயர் சூட்ட இடமில்லை.

பழைய குறிப்புகளைப் படிக்கும்போது நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தருமபுரி சேலத்திலிருந்து 1965ல்தான் தனி மாவட்டமானது. கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து 2004ல் பிரிந்தது. ஆகவே பழைய மாதிரியோடு இருக்கும் சீட்டு ஒன்றில் ‘சேலம் மாவட்டம்’ என்று இருந்தால், அது ஏற்காடாகவும் இருக்கலாம், பென்னாகரமாகவும் அஞ்செட்டியாகவும் இருக்கலாம். அதே குழப்பத்தை நாம் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லக் கூடாது. மாவட்டப் பெயரோடு நிறுத்தாமல் ஊர், ஏரி அல்லது ஓடை, அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம், தேதி, நேரம் அனைத்தையும் எழுதுங்கள். ஊர்க்காரர்கள் அந்த ஓடையைத் தமிழில் ஒரு பெயராலும் தெலுங்கிலோ கன்னடத்திலோ இன்னொரு பெயராலும் அழைத்தால் இரண்டையும் எழுதுங்கள்.

மரபணுச் சோதனை செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. தவளைகளில் பெரும்பாலும் பார்க்கப்படுவது மைட்டோகாண்ட்ரியாவின் 16எஸ் மரபணு. அது தாய்வழியில் மட்டுமே வருவதால் இரண்டு இனங்கள் கலந்ததை அது தனியே காட்டாது. மூன்று விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஆராய வேண்டும் என்பது ஒரு குறிப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. உடலமைப்பும் குரலும் மரபணுவும் ஒரே திசையைக் காட்டும்போது எழுதுங்கள்.

குரலைப் பதிவு செய்பவர்கள் வெப்பமானியை மறந்துவிடுகிறார்கள். வெப்பம் கூடினால் தவளை கத்தும் வேகமும் கூடும். மே மாதத்து ஒகேனக்கல் இரவையும் டிசம்பர் மாதத்து வத்தல்மலை இரவையும் வெப்பநிலை குறிக்காமல் ஒப்பிட்டால், ஒரே இனம் இரண்டாகத் தெரியும். எந்தத் தவளை கத்தியதோ அதையே மாதிரியாக எடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை அல்ல.

வரிசை தவறினால் திருத்தவே முடியாத வேலை ஒன்று உண்டு. முதலில் உயிருள்ள தவளையைப் படமெடுங்கள், ஏனெனில் பதப்படுத்தியதும் நிறம் போய்விடும். அடுத்து, மரபணுவுக்கான திசுவைத் தூய எத்தனாலில் எடுத்து வையுங்கள். உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் அதற்குப் பிறகுதான், அது மரபணுவைச் சிதைத்துவிடும் என்பதால்.

வனத்துறை அனுமதி இல்லாமல் மாதிரி எடுக்கவே கூடாது. 2014ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயமும் 2022ல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு சரணாலயமும் இந்தப் பகுதிக் காடுகளில் பெரும்பங்கை உள்ளடக்கியவை. பெயர் சூட்டும்போது ஓர் ஆணின் பெயரென்றால் ‘இ’ ஒலியிலும் ஒரு பெண்ணின் பெயரென்றால் ‘ஏ’ ஒலியிலும் முடிய வேண்டும் என்பது லத்தீன் இலக்கணம். ஆய்விதழில் விவரிப்பு வருமுன் அந்தப் பெயரைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிடாதீர்கள். விவரிப்பில்லாத பெயருக்கு விலங்கியலில் எந்த உரிமையும் இல்லை. மின்னிதழில் மட்டும் வெளியிடுவதாக இருந்தால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் அதற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருப்பதும் கட்டாயம்.

பெயரைத் தாங்கி நிற்கும் ஒற்றை மாதிரிக்கு ஹோலோடைப் என்று பெயர். எது ஹோலோடைப், அது எங்கே இருக்கிறது என்று கட்டுரையில் சொல்லியாக வேண்டும். புதிய இனத்தின் மாதிரிகளை, அதற்கென அறிவிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம். சொந்த அலமாரியில் பூட்டி வைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கல்லூரி அறையில் பழைய தவளைச் சீசாக்களைப் பார்த்திருக்கிறேன். பந்துமுனைப் பேனாவால் எழுதிய சீட்டுகள். எத்தனாலில் மை முழுக்கக் கரைந்திருந்தது. பென்சிலால் எழுதியிருந்தால் நின்றிருக்கும். தவளை இருந்தது, வெறும் தாள் இருந்தது. எந்த ஊர் ஏரியிலிருந்து யார் எடுத்தார்கள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.