அன்பியக் கூட்டத்தில் மண்ணையும் தண்ணீரையும் பேச

கனிம மணல் அள்ளும் குமரிக் கரையில், மணவாளக்குறிச்சிப் பக்கம் அன்பியம் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) நடத்துபவர்களுக்கு என் வழி இது. கூட்டத்தைப் பெண்கள் மீன் விற்றுத் திரும்பிய பிறகு வையுங்கள். காலையில் வைத்தால் சந்தைக்குப் போகாதவர்கள்தான் பேசுவார்கள்.

விடுதலைப் பயணம் 7:24ஐ வாசியுங்கள். நைல் நீர் இரத்தமாகிக் கெட்டதும் எகிப்தியர் குடிநீருக்காக ஆற்றோரம் தோண்டினார்கள். உடனே விளக்கத் தொடங்காதீர்கள். ‘குடம் சுமந்தது யார்?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். யாராவது ஒரு அக்கா தன் கிணற்றைப் பற்றி ஆரம்பிப்பார். அவர் சொன்னபடியே நோட்டில் எழுதுங்கள்: எந்தக் கிணறு, எப்போதிலிருந்து, என்ன நிறம், என்ன ருசி.

அப்புறம் மோனசைட், அதாவது தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கனிமம். இந்தக் கரை மணலில் தோரியம் இயற்கையாகவே இருக்கிறது. கதிர்வீச்சு முழுவதையும் மணல் அள்ளுவதன் தலையில் கட்ட முடியாது. இதை மறைக்காமல் சொல்லுங்கள். நோய்க்குக் காரணத்தை நாமே தீர்மானிக்கவும் வேண்டாம்.

யாராவது நோயைப் ‘பாவத்துக்குத் தண்டனை’ என்று இழுத்தால் யோவான் 9:3ஐத் திறங்கள்; பிறவியிலேயே பார்வையற்றவரைப் பற்றி, அவரோ பெற்றோரோ செய்த பாவம் காரணமல்ல என்று இயேசு அங்கே சொல்கிறார். கரு கலைந்த பெண்ணின் காதில் அந்தப் பேச்சு விழவே கூடாது, அதில் எனக்குச் சமரசம் இல்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் சுற்றுச்சூழல் பற்றி 2015இல் எழுதிய லவ்தாத்தோ சி மடலில் 29ஆம் பத்தி மட்டும் போதும். சுரங்கத்தால் நிலத்தடி நீர் கெடுவதை அது நேராகவே சொல்கிறது. நோட்டைக் கோயிலின் பங்குப் பேரவையிடம் கொடுக்கும்முன், பெயர் வேண்டாம் என்றவர்களின் பெயரை அடித்துவிடுங்கள்.