பழைய எஃப்-150 டிரக்கில் இக்னிஷன் காயில் மாற்றுவது எப்படி?

மணிக்கு 45 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். சின்ன மேடு ஒன்று வருகிறது, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்துகிறீர்கள். உடனே வண்டி தடதடவென்று குலுங்குகிறது, சாலையோர வரிப்பள்ளத்தில் சக்கரம் ஏறினது போல. மேடு முடிந்ததும் ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடுகிறது. 5.4 லிட்டர் டிரைட்டன் வி8 இன்ஜின் போட்ட பழைய ஃபோர்டு எஃப்-150 வைத்திருப்பவர்களில் பலர் இதை கியர்பாக்ஸ் கோளாறு என்று நினைத்து பயந்துபோகிறார்கள். பெரும்பாலும் அது ஒரு சிலிண்டர் மிஸ் அடிப்பதுதான், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதுதான்.

இங்கே நான் சொல்வது 1997 முதல் 2003 வரை வந்த, சிலிண்டருக்கு இரண்டு வால்வு உள்ள 5.4 இன்ஜினுக்கு. 2004 முதல் வந்த மூன்று வால்வு இன்ஜினில் காயில் வேறு, பிளக்கும் வேறு. அதைப் பற்றிக் கீழே ஒரு எச்சரிக்கை இருக்கிறது.

முதலில், ஏன் மேட்டில் மட்டும்?

இந்த இன்ஜினில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் தலைக்கு மேல் தனித்தனி காயில், மொத்தம் எட்டு. பாட்டரியின் 12 வோல்ட்டை அது பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி, ‘பூட்’ எனப்படும் ரப்பர் உறைக்குள் இருக்கும் ஸ்பிரிங் வழியாக பிளக்குக்கு அனுப்புகிறது. இன்ஜினுக்குச் சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பொறி தாவ இன்னும் அதிக வோல்ட் வேண்டும். பூட்டில் மெல்லிய வெடிப்போ ஈரமோ இருந்தால், மின்சாரம் பிளக் நுனிக்குப் போகாமல் பக்கத்துச் சுவரில் குதித்துவிடும். சும்மா நிற்கும்போது தெரியாத ஓட்டை, மேட்டில் தெரிவது இதனால்தான். பாதி நேரம் குற்றவாளி காயிலே இல்லை, அதன் பூட்தான்.

எந்த சிலிண்டர்?

1996 முதல் அமெரிக்காவில் விற்ற எல்லா கார், சிறு டிரக்கிலும் ஓபிடி-2 சாக்கெட் உண்டு, வண்டிக் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் இணைப்பு அது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும். ஒரு சாதாரண ரீடரைச் செருகிப் பாருங்கள். பி0301 முதல் பி0308 வரை எந்தப் பிழைக் குறியீடு வந்தாலும், அதன் கடைசி இலக்கம்தான் மிஸ் அடிக்கும் சிலிண்டர். பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று கம்ப்யூட்டரால் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். ஃபோர்டு கணக்கில் பயணி பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4. ஓட்டுநர் பக்கம் அதேபோல 5, 6, 7, 8.

செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அப்படியே ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றி அழித்துவிடும். அதன் விலையோடு பார்த்தால் காயில் விலை ஒன்றுமே இல்லை.

கழற்றுவது

வேண்டியவை: கால் அங்குல டிரைவ் ராட்செட், 7 மில்லிமீட்டர் சாக்கெட், நீளமும் குட்டையுமாக இரண்டு எக்ஸ்டென்ஷன், ஒரு வளையும் ஜாயின்ட், டார்ச், காற்றடிக்கும் கம்ப்ரஸர் அல்லது டப்பாக் காற்று, டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்). கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். காற்று வடிகட்டியிலிருந்து வரும் பெரிய குழாயை எடுத்துவிட்டால் கை போக இடம் கிடைக்கும். அப்புறம் காயில் கனெக்டரின் கொக்கியை விரலால் அழுத்தி, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. இருபது வருடம் வெந்த பிளாஸ்டிக் அது, அவசரப்பட்டால் முறிந்துவிடும்.

காயிலைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். அதைக் கழற்றும் முன் காயிலைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது பிளக் இருக்கும் குழிக்குள் விழும். போல்ட் வந்ததும் காயிலை இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருகி, ரப்பர் ஒட்டு விட்ட பிறகு மேலே இழுங்கள். குறுக்கே ஃப்யூயல் ரெயில் (பெட்ரோல் போகும் குழாய்) ஓடுவதால் சாய்த்து வளைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். 4, 8 இரண்டும் இன்ஜினின் பின்பக்கம், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பை) ஒட்டி ஒளிந்திருக்கும், அவற்றுக்குப் பொறுமை வேண்டும். பெட்ரோல் அழுத்தத்தில் இருக்கும் ஃப்யூயல் ரெயிலைப் புதியவர்கள் தொட வேண்டாம்.

எடுத்த காயிலை உடனே தூக்கிப் போடாதீர்கள், வெளிச்சத்தில் பாருங்கள். என் 2001 வண்டியில் பி0304 வந்தபோது, நான்காவது பூட்டின் வெளிப்புறத்தில் பென்சிலால் கிழித்தது போல ஒரு சாம்பல் கோடு மேலிருந்து கீழ்வரை ஓடியது. மின்சாரம் கசிந்து ஓடிய தடம் அது. நுனியில் வெள்ளையாகப் பொருக்கு. டார்ச் அடித்தால் குழியின் அடியில் ஈரம் மின்னியது. ஹீட்டர் ஹோஸ் இணைப்பிலிருந்து கூலன்ட் சொட்டுச் சொட்டாக இறங்கியிருந்தது. புதுக் காயிலை மட்டும் போட்டிருந்தால் சில வாரத்தில் அதுவும் போயிருக்கும். கசிவை அடைத்து, குழியைக் காயவைத்த பிறகுதான் அந்த வேலை முடிந்தது. இன்ஜினைப் பிரஷர் வாஷரால் கழுவும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், தண்ணீர் நேராக இந்தக் குழிகளுக்குத்தான் போகும்.

இடம் மாற்றிப் பார்ப்பது

இந்த ஒரு சோதனையை மட்டும் தவிர்க்காதீர்கள். குழி காய்ந்த பிறகு, சந்தேகப்படும் நான்காவது காயிலை எளிதாக எட்டும் 1-க்கு மாற்றுங்கள், 1-ல் இருந்ததை 4-ல் போடுங்கள். ரீடரில் பழைய பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு அதே மேட்டில் ஓட்டுங்கள். பி0301 வந்தால் காயில் அல்லது அதன் பூட் போய்விட்டது. மறுபடியும் பி0304-தான் என்றால் காயில் மேல் தப்பில்லை, பிளக்கையும், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

பிளக்கைத் தொடுமுன்

அந்தக் காலத்து இரண்டு வால்வு இன்ஜின்களின் அலுமினிய ஹெட்டில் (சிலிண்டர்களுக்கு மேல் உள்ள மூடியில்) பிளக்குக்கு மரை மிகக் குறைவு. தளர்ந்தால் பிளக் மரையோடு பிய்த்துக்கொண்டு வெளியே பறந்துவிடும். ஆகவே பிளக் மாற்றுவதென்றால் இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், குழியைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்திருக்க வேண்டும். முதல் சுற்றுகளை எக்ஸ்டென்ஷனை விரலால் மட்டும் சுழற்றி ஏற்றி, கடைசியில் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். இடைவெளி 0.052 முதல் 0.056 அங்குலம். மூன்று வால்வு இன்ஜினில் இதற்கு நேர்மாறான தொல்லை: 2008 வரை வந்த பலவற்றில் இரண்டு துண்டாகச் செய்த பிளக் ஹெட்டுக்குள்ளேயே முறிந்து நிற்கும். அதை முதல் முயற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

எந்தக் காயில் வாங்குவது?

‘அதிக சக்தி’ என்று சிவப்பு, நீல நிறத்தில் எட்டு காயில் செட் விற்கிறார்கள். மாற்றம் செய்யாத இன்ஜினில் அதனால் இழுவை கூடாது. பிளக் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வோல்ட் தேவையோ அவ்வளவில் பொறி தாவிவிடும், மிச்சத் திறன் சும்மா இருக்கும். பெயர் தெரியாத மலிவு செட் ஒன்றை நான் போட்டு, ஒரே வருடத்தில் மூன்றைத் திரும்ப மாற்றினேன். அதற்குப் பிறகு ஃபோர்டின் சொந்த பிராண்டான மோட்டார்கிராஃப்ட்டின் டிஜி-508தான் வாங்குகிறேன். காயில் நன்றாக இருந்து பூட் மட்டும் போயிருந்தால் பூட்டும் ஸ்பிரிங்கும் தனியாகவே கிடைக்கும்.

மாட்டுவது

பூட்டின் வாய்க்குள் டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள், அப்பி வைக்க வேண்டாம். ஸ்பிரிங் நேராக இருக்கிறதா பார்த்து, காயிலை பிளக் மேல் உட்காரும்வரை அழுத்துங்கள். அடியில் பிடிப்பு ஏறுவது கைக்குத் தெரியும். போல்ட்டை ராட்செட் தலையை உள்ளங்கையில் பிடித்து இறுக்கினால் போதும். கனெக்டர் ‘டிக்’ என்று பூட்டியதை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். காற்றுக் குழாய், பாட்டரி முனை, கடைசியாக ரீடரில் பிழைக் குறியீடு அழிப்பு.

சரி, இப்போது வண்டியை எடுத்து, குலுங்கிய அதே மேட்டுக்குப் போங்கள். அதே 45 மைல், அதே அளவு ஆக்ஸிலரேட்டர். திரும்பி வந்ததும் ரீடரை இன்னொரு முறை செருகி, நிலுவைப் பிழைக் குறியீடு ஏதும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.