எச்-இண்டெக்ஸ் கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பதவி உயர்வுக் குழு கூடப்போகிறது என்றால், "சார், எல்லாருக்கும் எச்-இண்டெக்ஸ் மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க" என்று போன் வந்துவிடும். ஒருவரின் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்துப் போடும் எண் அது. எடுத்துத் தருவது சுலபம். அதை வைத்து ஆட்களை வரிசைப்படுத்தும்போதுதான் வம்பு.

முதலில் ஆளைச் சரியாகப் பிடியுங்கள். நமக்கு இனிஷியலும் பெயரும்தான். கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் போன்ற தளங்களோ குடும்பப் பெயரை எதிர்பார்ப்பவை. ஒரு செந்தில்குமார் ஒரு கட்டுரையில் 'செந்தில்குமார் கே.' ஆகவும் இன்னொன்றில் 'குமார் கே. எஸ்.' ஆகவும் பதிவாகியிருப்பார். அவருடைய கட்டுரைகள் இரண்டு மூன்று கணக்குகளில் சிதறிக் கிடக்கும்; வேறொரு செந்தில்குமாரின் கட்டுரை இவர் கணக்கில் உட்கார்ந்திருக்கும். விண்ணப்பதாரரிடமே பட்டியலை வாங்கி, ஆர்கிட் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் தரும் தளம்) பக்கத்தோடு ஒப்பிட்டு, கணக்குகளை இணைக்கச் சொல்லுங்கள். அதுவரை எந்த எண்ணையும் கோப்பில் ஏற்றாதீர்கள்.

எல்லோருக்கும் ஒரே தளம், ஒரே தேதி. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் வெளியிடும் கட்டுரை) எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வதால் அங்கே எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

சரி, எச்-இண்டெக்ஸ். குறைந்தது 12 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 12 இருந்தால் எச் 12. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்தது. உயிரியல் துறையில் இது இயற்பியலைவிடக் கூடுதலாக வரும் என்று அவரே அப்போது குறிப்பிட்டார். சர்வீஸ் கூடக் கூட ஏறவும் செய்யும். அதனால் கணிதத்தில் 8 ஆண்டு அனுபவமுள்ளவரையும் உயிர்வேதியியலில் 25 ஆண்டு ஆனவரையும் இதை வைத்து ஒப்பிடுவது அபத்தம். அதற்குப் பதில், அதே துறையில் அதே ஆண்டில் வந்த கட்டுரைகளில் மேற்கோளில் முதல் 10 சதவீதத்துக்குள் இவருடையவை எத்தனை என்று கேளுங்கள். சுயமேற்கோளைக் கழித்தும் ஒருமுறை பாருங்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் பத்திரிகையின் எண், கட்டுரையின் எண் அல்ல. முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் இந்த ஆண்டு பெற்ற மேற்கோள்களின் சராசரி, அவ்வளவுதான். 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' பத்திரிகைக்கு 2008இல் இது 2ஐ ஒட்டி இருந்தது, 2009இல் 49.9! படிக அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி ஷெல்ட்ரிக் 2008இல் எழுதிய ஒரே கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள் குவிந்ததுதான் காரணம். அதே இதழில் எழுதிய மற்றவர்களுக்கு அதில் என்ன பங்கு?

ஆசிரியர் எண்ணிக்கையையும் பாருங்கள். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றிய 2015 கட்டுரையில் 5,154 பேர். அதில் ஒருவரின் பங்கு என்ன என்று மேற்கோள் எண் சொல்லாது.

தமிழ்த் துறைக்காரர்களை இந்தத் தராசில் ஏற்றவே வேண்டாம். தமிழ் ஆய்விதழ்கள் ஸ்கோபஸில் அரிது. பூஜ்யம் என்று வந்தால் அது தளத்தின் குறை. அவர்களுடைய நூலை அந்தத் துறை அறிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மற்ற துறைக்காரர்களிடமும் சிறந்த கட்டுரைகள் ஐந்தையும், ஒவ்வொன்றிலும் தன் பங்கு என்ன என்று அரைப்பக்கமும் கேட்டு வாங்குங்கள். அவற்றில் ஏதாவது திரும்பப் பெறப்பட்டதா என்று பார்த்துவிட்டு, குழுவில் ஒருவராவது படிக்கட்டும். "இதுக்கெல்லாம் ரூல் எங்கே?" என்று கேட்பவரிடம் ஆய்வு மதிப்பீட்டில் எண்களை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் 2015 லைடன் அறிக்கையின் முதல் கொள்கையைக் காட்டுங்கள்: எண்கள் நிபுணர் மதிப்பீட்டுக்குத் துணை. குறிப்பு எழுதும்போது கட்டுரைகள் பற்றிய கருத்து முதலில் வரட்டும். எண்கள் அதற்குக் கீழே, தளத்தின் பெயரும் எடுத்த தேதியுமாக.