குளத்து மீனுக்கு நண்பகலைவிட விடிகாலைதான் ஆபத்து

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனாலும் மார்ச் கடைசியிலிருந்து மே வரை வெயில் போடுகிற போடு நமக்குத் தெரிந்ததுதான். 1983 ஏப்ரலில் தெங்காவிலும் 2023 மே மாதத்தில் அங் மோ கியோவிலும் 37 டிகிரி பதிவானது. அந்த மாதங்களில், தரைவீட்டுத் தோட்டத்தில் சின்னக் குளம் கட்டியவர்களும் பால்கனியில் தொட்டி வைத்து அல்லி வளர்ப்பவர்களும் கேட்பது ஒரே கேள்வி: "ராத்திரி நல்லாத்தானே நீந்துச்சு, காலையில பார்த்தா மிதக்குது, ஏன்?"

சூடு மட்டுமே மீனைக் கொல்வது இங்கே அபூர்வம். காற்றுப் பற்றாக்குறைதான் பெரும்பாலும் ஆளை முடிக்கிறது. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்குத் தேவையும் கூடுகிறது. வரவு குறைந்த மாதத்தில் வீட்டுக்கு விருந்தாளி வந்த கதை. பகலில் பாசியும் செடியும் ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அவையும் மீனோடு சேர்ந்து அதை இழுக்கத் தொடங்கும். விடிவதற்குச் சற்று முன் கையிருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும். கீழே சொல்லும் வேலைகள் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தை மனத்தில் வைத்துத்தான்.

முதலில், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். 1000-ஆல் பெருக்கினால் லிட்டர். 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 2400 லிட்டர். இந்த எண்ணை மோட்டார் பெட்டி மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். மருந்து, உப்பு, தண்ணீர் மாற்றம் எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு.

கோயும் (ஜப்பானிய வண்ணக் கெண்டை) தங்கமீனும் பிறவியில் குளிர்ந்த நீர் மீன்கள். கோய் இரண்டடிக்கு மேல்கூட வளரும். உங்களிடம் இருப்பது பால்கனித் தொட்டி மட்டும்தான் என்றால் கப்பி, மோலி மாதிரிச் சின்ன மீன்களை வாங்குங்கள். 28, 29 டிகிரியெல்லாம் அவற்றுக்குச் சொந்த ஊர். கொசுப் புழுவையும் தின்றுவிடும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தாலும் பதற வேண்டாம்.

விடிகாலையில் ஐந்து நிமிடம் பாருங்கள்

நமக்கு ஏழு மணிவாக்கில்தான் சூரியன் உதிக்கிறது. ஆறரைக்குப் போய், விளக்கைச் சட்டென்று போடாமல், கரையில் நின்று கவனியுங்கள். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயை 'ப்ளப் ப்ளப்' என்று திறந்து மூடுகின்றனவா? அருவி விழும் இடத்தில் மட்டும் கும்பலாக நிற்கின்றனவா? செவுள் மூடி வேகமாக அடிக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் காற்று போதவில்லை. பெரிய மீன்கள்தான் முதலில் திணறும். பெரியது செத்து, குட்டிகள் தப்பியிருந்தால் ஆக்சிஜன்மேல் சந்தேகப்படுங்கள். பசி எடுத்து மேலே வருகிற மீன் உங்கள் நிழலைக் கண்டதும் ஓடி வரும். மூச்சுக்குத் திணறுகிற மீன் உங்களைக் கண்டுகொள்ளவே செய்யாது.

ஒரு தெர்மாமீட்டரை நீரின் மேற்பரப்பில் மிதக்க விடாமல், கயிறு கட்டிப் பாதி ஆழத்தில் தொங்க விடுங்கள். காலை ஒரு தடவை, மாலை நான்கு மணிக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

காற்று: இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

பலர் வீட்டில் நடப்பது இதுதான். பகலில் அருவி, நீரூற்று எல்லாம் ஜோராக ஓடும். ராத்திரி பத்து மணிக்கு, சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது, கரண்டு பில்லும் ஏறுகிறது என்று ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள். மீனுக்குக் காற்று தேவைப்படும் நேரமே அதற்குப் பிறகுதான். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் பகலில் நிறுத்துங்கள், இரவில் ஓட விடுங்கள். ஃபில்டருக்குப் போகும் மோட்டாரை மட்டும் எப்போதுமே நிறுத்தக் கூடாது. ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். சில மணி நேரம் ஓட்டமில்லாமல் இருந்தால் சூட்டில் அது சாகத் தொடங்கும்.

அருவிச் சத்தம் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவு என்றால் ஏர் பம்ப் வாங்குங்கள். சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் இருக்கும் மீன் கடைகளில் குளத்தின் லிட்டரைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பம்பை நிழலில், நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால், மின்சாரம் போனதும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்பைக் கெடுத்துவிடும். குழாய் முனையில் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஆழத்தில் இருக்கட்டும். குமிழி மேலே வரும்போது அடித் தண்ணீரையும் கிளப்பிக்கொண்டு வரும், நீர்மட்டம் சலசலக்கும். அந்தச் சலசலப்பில்தான் காற்று கரைகிறது.

நிழல்

மதியம் பன்னிரண்டு முதல் நாலு வரை விழும் வெயிலைத் தடுத்தால் போதும். பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலையை நீர்மட்டத்திலிருந்து ஆளுயரத்தில் கட்டுங்கள். தாழக் கட்டினால் கீழே புழுங்கும். சாம்பல் நாரை வந்து கோயைக் கொத்திக்கொண்டு போவதும் குறையும். அல்லி இலையும் நல்ல நிழல்தான், ஆனால் பாதிக் குளத்துக்கு மேல் மூட விடாதீர்கள். செடியும் இரவில் ஆக்சிஜன் இழுக்கும் என்று பார்த்தோமே.

தீனி

தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தீனியைப் பாதியாக்குங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்கு, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. மாலை ஆறுக்கு மேல் வேண்டாம். செரிக்கிற வேலைக்கும் ஆக்சிஜன் செலவாகும். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைகள், "மாமா, இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று ரொட்டியைப் பிய்த்து எறிவார்கள். டப்பாவை ஒளித்து வைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

தண்ணீர் மாற்றும்போது

வெயிலில் வற்றியதை நிரப்புவது வேறு, தண்ணீர் மாற்றுவது வேறு. ஆவியாகிப் போவது வெறும் நீர்தான், அழுக்கு அப்படியே இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை 10 முதல் 20 சதவீதத்தை இறைத்து வெளியேற்றி, புதுத் தண்ணீர் விடுங்கள்.

"ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும்" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வது இங்கே செல்லாது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய் நீரில் இருப்பது குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த அது, வெயிலில் வைத்தாலும் லேசில் போகாது. குளோரமினுக்கும் சேர்த்து வேலை செய்யும் என்று போத்தலில் எழுதியிருக்கும் குளோரின் நீக்கியை வாங்குங்கள். ஹோஸ் குழாயை நேராகக் குளத்தில் விடுவதானால், புதுத் தண்ணீருக்கு மட்டுமல்லாமல் முழுக் குளத்துக்கும் கணக்குப் போட்டு மருந்தை முதலில் ஊற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயடியில் வேண்டாம்.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும், பிஎச் (நீரின் அமில-காரத் தன்மை) அளவையும் மாலையில் சோதிப்பது நல்லது. பச்சையாகிவிட்ட குளத்தில் பிஎச் மாலையில்தான் ஏறி நிற்கும். பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால், அதே அளவு அம்மோனியாவின் விஷப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். சூடு அதை இன்னும் கூட்டும்.

மீன் திணறுகிறது, இப்போதே என்ன செய்வது?

ஏர் பம்ப், அருவி, நீரூற்று எது இருந்தாலும் ஓட விடுங்கள். மின்சாரம் இல்லையா, வாளியில் மொண்டு இடுப்புயரத்திலிருந்து குளத்திலேயே ஊற்றுங்கள். கை வலிக்கும், ஆனால் பலன் உண்டு. தீனியை நிறுத்துங்கள். குளோரமின் நீக்கியபின் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஐஸ் கட்டியைக் கொட்ட வேண்டாம், திடீர்க் குளிர்ச்சி மீனைச் சோர்வடைய வைக்கும். சின்னத் தொட்டியானால், மூடிய போத்தலில் தண்ணீரை உறைய வைத்து மிதக்க விடலாம். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் நோய்க்கு ஊற்றும் ஃபார்மலினும் பெர்மாங்கனேட்டும் ஆக்சிஜனை மேலும் குறைக்கும் என்பதால் அன்றைக்கு அவற்றைத் தொடாதீர்கள்.

மதியம் இடியோடு பெருமழை கொட்டினால், தோட்டத்து மண்ணும் உரமும் குளத்துக்குள் ஓடி வராமல் ஓரத்தைச் சற்று உயர்த்திக் கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அன்று இரவு ஏர் பம்ப் ஓடுகிறதா என்பதைப் படுக்கப் போகும் முன் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்; இடிக்கு மெயின் ஸ்விட்ச் விழுந்திருந்தால் அது சத்தமில்லாமல் நின்றிருக்கும்.